பாட்டுக்குள் இல்லாத பெயர்

பெரியப்பா மகன் வேலைக்காக வெளியூர் கிளம்பியபோது என் கையில் ஒரு கேசட்டைத் திணித்துவிட்டுப் போனார். 90 நிமிடக் கேசட். அட்டையில் பேனாவால் ‘ராக்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன, எந்த ஆண்டு என்று ஒரு விவரமும் இல்லை. யாரோ பதிவு செய்ததிலிருந்து இன்னொருவர் பதிவு செய்து, கைமாறிக் கைமாறி வந்த ஒலி. டேப்பின் இரைச்சலும் சேர்ந்தேதான் கேட்கும்.

முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைவதுபோல ஒரு கீபோர்டு ஒலி அதில் முதலில் வரும். கொஞ்ச நேரம் அது தனியாகவே ஓடும். பிறகு பியானோ கனமாக இறங்கும், டிரம்ஸ் சேரும், அதன் பின்புதான் குரல். கடைசியில் எங்கிருந்தோ ஒரு வயலின் வந்து, பாட்டு முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் நிற்கும். காதில் விழுந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டின் பெயரை ஆல்பம் அட்டைகளில் தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரில் பாட்டே இல்லை. ஆண்டுகள் ஓடிவிட்டன.

இளமையில் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த ஒருவர் பிற்பாடு எனக்குப் பழக்கமானார். என்னைவிட 20 வயது மூத்தவர் என்றாலும் அண்ணா என்றே கூப்பிடச் சொல்வார். ஒருநாள் அவரிடம் அந்தத் தொடக்கத்தை வாயாலேயே பாடிக் காட்டினேன். நாலு விநாடிகூட ஆகவில்லை, கையை உயர்த்தி நிறுத்தினார்.

“சொற்களை வைத்துத் தேடினால் கிடைக்காது தம்பி. அதன் பெயர் பாட்டுக்குள்ளேயே இல்லை. இரண்டு மனிதர்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஒருவர் இந்திய ஆன்மிக குரு, வாழ்வின் கடைசி 40 ஆண்டுகளுக்கு மேல் வாய் திறந்து பேசாதவர். இன்னொருவர் அமெரிக்க இசையமைப்பாளர். கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள்.”

மூன்று நாள் பிடித்தது. குரு மெஹர் பாபா. 1925இல் மௌனம் பூண்டவர் 1969இல் மறையும்வரை பேசவில்லை. இசையமைப்பாளர் டெர்ரி ரைலி. சிறு சிறு சுரத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதிலேயே ஓர் உலகத்தைக் கட்டியவர். இருவரையும் மனத்தில் வைத்து ‘தி ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எழுதிய பாட்டு ‘பாபா ஓரைலி’. 1971இல் வந்த ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு.

பெயரோடு அவர் முன்னால் போய் நின்றபோது அடுத்த கேள்வி தயாராக இருந்தது: “ஆரம்பத்தில் வருகிறதே, அது என்ன வாத்தியம்?” சிந்தசைசர் என்றேன். இல்லையாம். வீட்டுக் கூடத்தில் வைத்து வாசிக்கும் ‘லோரி’ என்ற ஆர்கன். அழுத்திய சுரத்தை, மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் போலத் தானே விட்டுவிட்டு அடிக்கும் ஒரு வசதி அதில் உண்டு. அந்த வசதியைப் போட்டுக்கொண்டு டவுன்ஷெண்ட் வாசித்தது அது. அன்று இரவு மறுபடி கேட்டேன். அதுவரை எந்திரம் ஒன்று தானாக ஓடுவதாகக் கேட்ட இடத்தில் விரல்கள் மாறுவது கேட்டது.

அண்ணா அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்திருப்பேன், அவ்வளவுதான். புதிராக்கிக் கொடுத்ததால் மூன்று நாள் அந்தப் பாட்டோடேயே இருந்தேன். ஒரு பாட்டை இப்படியும் கொடுக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூட ஆரம்பித்தது அதன் பிறகு. வாரம் ஒருவர் புதிர் கொண்டுவர வேண்டும். அண்ணா, நான், என் அக்கா மகள், நண்பர்கள் சிலர். 11 ஆண்டுகளாக நடக்கிறது. 60களின் நடுவிலிருந்து 80களின் தொடக்கம்வரை வந்த ராக் இசைதான் எங்கள் எல்லை. அதற்குள்ளேயே இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. இப்படியொரு வட்டத்தைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் எல்லாமே நினைவாற்றல் சோதனையாகவே இருந்தது. இந்த ஆல்பம் எந்த ஆண்டு, அந்தக் குழுவின் மூன்றாவது டிரம்மர் யார் என்பது மாதிரி. தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், தெரியாதவர் உட்கார்ந்திருப்பார். யோசிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. ‘இசட் இசட் டாப்’ குழுவில் மார்புவரை தாடி வளர்த்த இருவர் புகழ்பெற்றவர்கள். மூன்றாமவரான டிரம்மர் அப்படி வளர்க்காதவர், ஆனால் அவருடைய குடும்பப் பெயர்தான் பியர்ட், அதாவது தாடி. இந்தக் கேள்வியை நான் போட்டேன். சிரித்தார்கள். ஆனால் யாரும் அந்தக் குழுவின் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லவில்லை. கேள்வி பதிலோடு தீர்ந்துபோய்விட்டது.

அடுத்த வாரம் அண்ணா ஒன்றுமே கேட்கவில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘மணி’, அதாவது பணம், என்ற பாட்டைப் போட்டு, “நாலு நாலாக எண்ணிக்கொண்டே வாருங்கள், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார். நாலுக்கு எண்ணினால் இரண்டாவது சுற்றிலேயே கால் இடறும். காரணம், அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. தகிட தகதிமி என்று சொல்லிப் பார்த்தால் கச்சிதமாக உட்காரும். தொடக்கத்தில் கல்லாப்பெட்டியும் சில்லறையும் ஒலிக்கின்றனவே, அவையும் ஏழு ஒலிகள்தான். ஒவ்வொன்றையும் டேப்பில் பதிந்து, ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். 1973இல் வந்த ஆல்பம். கணினி கிடையாது, கத்தரிக்கோலும் அளவுகோலும்தான். இன்னும் எண்ணிக்கொண்டே போனால் சாக்ஸஃபோன் ஏழிலேயே வரும், ஆனால் கிடார் தனியாவர்த்தனம் தொடங்கும்போது பாட்டு நாலுக்கு மாறிவிடும். எண்ணாதவருக்கு அங்கே ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்து பாட்டு பாய்வதுபோலத் தோன்றும். ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எண்ணியவருக்குத் தெரியும். அன்று அந்தப் பாட்டை ஆறு முறை போட்டோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. பதிலைச் சொன்ன பிறகு “மறுபடியும் போடுங்கள்” என்று யாராவது கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்தப் புதிரை நான் சரியாகச் செய்யவில்லை.

விடை தெரியாதவரும் நுழைவதற்கு ஒரு வழி விட்டுவைப்பது அடுத்த விஷயம். இதை அக்கா மகள்தான் கற்றுக்கொடுத்தாள். அப்போது அவளுக்கு 13 வயது. கனடாவின் ‘ரஷ்’ குழுவை அவள் கேள்விப்பட்டதே இல்லை. நான் பாட்டைப் போடாமல் மேசையில் விரல் முட்டியால் தாளத்தை மட்டும் தட்டினேன்: நெடில், குறில், நெடில், நெடில். மறுபடியும் அதேதான். பிறகு நெடில், நெடில், குறில், குறில். இரண்டு மூன்று முறை தட்டினேன். ராக் இசையில் ஊறிய நண்பர்கள் குழுக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “இது ஆடுவதற்கான தாளம் இல்லை, சேதி அனுப்புவதற்கான தாளம்” என்று முதல் குறிப்பைக் கொடுத்தேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் சாரணர் வகுப்பில் மோர்ஸ் தந்திக் குறியீடு படித்திருக்கிறாள். நோட்டில் கோடும் புள்ளியுமாக எழுதினாள்.

“மாமா, ஒய், ஒய், இசட். ஆனால் அப்படி ஒரு சொல்லே இல்லையே?”

சொல் இல்லைதான். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. விமானிகளுக்கு வழிகாட்டும் அலைவரிசையில் அந்த மூன்று எழுத்தும் மோர்ஸில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தங்கள் ஊருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லும் அந்த ஒலியையே தாளமாக எடுத்துக்கொண்டு, ஒரு சொல்கூட இல்லாத வாத்திய இசையாக ரஷ் குழுவினர் 1981ஆம் ஆண்டு ஆல்பத்தில் அதை வைத்தார்கள். பாட்டின் பெயரும் அந்த மூன்று எழுத்துதான். நான் பாட்டைப் போட்டதும் சிறு தாளக் கிண்ணங்களில் முதலில் அந்த அடி விழுகிறது, பிறகு கிடாரும் பேஸும் டிரம்ஸும் அதையே சேர்ந்து அடிக்கின்றன. அவள் நோட்டில் பென்சிலை வைத்துக் கோட்டையும் புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். இன்றைக்கு அவளுக்கு அந்தக் குழுவின் எல்லா ஆல்பமும் மனப்பாடம்.

அன்று முதல் குறிப்புகளை மூன்று படியாக எழுதிவைத்துக்கொள்கிறேன். முதல் படி, காதுக்கு: எதைக் கவனிக்க வேண்டும் என்பது மட்டும். இரண்டாவது, பாட்டுக்கு வெளியே உள்ள ஏதாவதொரு அறிவுக்கு: வரலாறு, ஊர், அறிவியல், எழுத்து. மூன்றாவது படிதான் குழுவையும் காலத்தையும் தொடும். முதல் குறிப்பிலேயே குழுவின் காலத்தைச் சொன்னால், நினைவுள்ளவர் முந்திக்கொள்வார். இந்த வரிசையில் கொடுத்தால் எல்லோருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

இனி என் தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்றும் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருப்பதால். பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரைப் பற்றி அதே குழுவின் ஜான் லென்னன் சொன்னதாக ஒரு பேச்சு எங்கும் உலவுகிறது: ரிங்கோ உலகின் சிறந்த டிரம்மரா என்று கேட்டதற்கு, பீட்டில்ஸிலேயே அவர் சிறந்த டிரம்மர் இல்லை என்று லென்னன் பதில் சொன்னாராம். நான் அதை எங்கோ படித்துவிட்டு, ‘இதைச் சொன்னவர் யார்?’ என்று புதிராக்கிக் கொண்டுபோனேன். எல்லோரும் சரியாக லென்னன் என்றார்கள். அண்ணா மட்டும் பேசவில்லை.

கலைந்து போகும்போது என்னைத் தனியே நிறுத்தினார். “அவர் அதைச் சொன்னதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் தம்பி? பேட்டியிலா, பதிவிலா?” என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். லென்னன் அப்படிச் சொன்னதற்குச் சான்றே கிடையாது. பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் அந்தப் பேச்சின் மூலத்தைத் தேடிப்போய், 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒலிபரப்பான நகைச்சுவை நிகழ்ச்சிகளில் போய்ச் சேர்ந்தார். லென்னன் இறந்தது 1980 டிசம்பரில். செத்துப்போன ஒருவர் வாயில் ஒரு சொல்லைத் திணித்து, அதை வைத்து உயிரோடிருக்கும் ஒரு கலைஞரைக் குறைத்துப் பேசியிருக்கிறேன். அதுவும் வாழ்நாளெல்லாம் டிரம்ஸ் வாசித்த ஒருவர் முன்னால்.

மறுவாரம் எல்லோர் முன்னிலையிலும் திருத்திச் சொன்னேன். அண்ணா கோபப்படவில்லை. 1966இல் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டாக வந்த ‘ரெயின்’ என்ற பாட்டைப் போட்டார். “குரலை விட்டுவிடுங்கள். டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.” இடக்கைப் பழக்கமுள்ள ரிங்கோ, வலக்கைக்காரருக்கு அமைத்த டிரம்ஸில் உட்கார்ந்து வாசித்தவர். அதனால் டிரம்ஸ்களைச் சுற்றி உருட்டிக்கொண்டு வரும் இடங்களில் அவர் கை நாம் எதிர்பார்க்கும் வரிசையில் போகாது. சற்றுத் தயங்கி, வேறொரு பக்கத்திலிருந்து வந்து விழும். ‘ரெயின்’ முழுக்க அப்படித்தான். அண்ணா காற்றிலேயே வாசித்துக் காட்டினார், முதலில் தன் கை போகும் வழியில், பிறகு ரிங்கோவின் கை போகும் வழியில். இரண்டாவது முறை அவர் முழங்கைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அந்தச் சிக்கல்தான் அந்த இசையின் அழகு என்பதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

அன்றிலிருந்து யாரோ சொன்னதாக வரும் வாசகம் எதையும் புதிரில் சேர்ப்பதில்லை. ‘முதல்’, ‘அதிகம்’, ‘மிகப் பெரிய’ என்று தொடங்கும் கேள்விகளையும் விட்டுவிட்டோம். முதல் ஹெவி மெட்டல் பாட்டு எது என்று ஒருமுறை தொடங்கி ஒரு மாலையே போய்விட்டது, ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை. பதிவின்போது அந்த அறையில் இருந்தவர்கள், அதாவது வாசித்தவர் அல்லது ஒலிப்பதிவாளர் சொன்னதாக இருந்தால் நம்புகிறேன். அதையும் இரண்டு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும்விடப் பத்திரமானது, பாட்டிலேயே காதால் சரிபார்க்கக்கூடிய செய்தி.

ஒலித்துணுக்கு எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டின் தொடக்கத்தை எடுக்காதீர்கள், அதை எல்லோருக்கும் தெரியும். ஏழு விநாடி போதும். துணுக்குகளின் ஒலியளவை முன்கூட்டியே சமன்செய்து வையுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பீட்டில்ஸின் 1965ஆம் ஆண்டு ஆல்பமான ‘ரப்பர் சோல்’லிலிருந்து ஒரு துணுக்கைப் போட்டபோது எங்களுக்கு ஒரு பக்கக் கம்பி கழன்றிருந்தது. பாட்டு ஓடுகிறது, குரலைக் காணோம். அந்தக் கால ஸ்டீரியோ கலவையில் வாத்தியங்களை ஒரு பக்கமும் குரல்களை மறுபக்கமும் பிரித்து வைத்துவிடுவார்கள். கழன்ற கம்பி எங்களுக்கு ஒரு புதுப் புதிர் வகையைக் கொடுத்தது: ஒரு பக்கத்தை மட்டும் போட்டு, மறுபக்கத்தில் என்ன இருக்கும் என்று கேட்பது. பாடகர் மறைந்ததும் பேஸ் கிடார் எவ்வளவு வேலை செய்கிறது என்பது பளிச்சென்று கேட்கும்.

தொடர்புப் புதிர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நாலு பதிவுகளைச் சொல்லி, பொதுவாக என்ன என்று கேட்பது. நான் செய்ததில் எனக்கே நிறைவு தந்த ஒன்று: லெட் செப்பலின் குழு 1971இல் பெயரே இல்லாமல், நாலு குறிகளோடு வெளியிட்ட ஆல்பம், டீப் பர்ப்பிளின் 1972ஆம் ஆண்டு ‘மெஷின் ஹெட்’, ரோலிங் ஸ்டோன்ஸ் தெற்கு பிரான்ஸில் ஒரு மாளிகையில் பதிந்த ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, பாப் மார்லியின் 1975 லண்டன் மேடைப் பதிவு. பாடியவர்கள் வேறு, ஊர்கள் வேறு, கடைசியில் உள்ளது ராக் இசையே இல்லை. விடை ஒரு லாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்களுக்காகச் செய்துகொண்ட நடமாடும் ஒலிப்பதிவுக் கூடம், வாடகைக்கும் போகும்.

அந்த லாரியைப் பிடித்துக்கொண்டால் எத்தனையோ கதை வருகிறது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரூ. டீப் பர்ப்பிள் குழுவினர் பதிவுக்காக லாரியோடு வந்து காத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று பேசிவைத்த அரங்கத்தில் ஃபிராங்க் ஸப்பா என்ற அமெரிக்க ராக் கலைஞரின் கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் ஒருவர் தீப்பிழம்பு கக்கும் சமிக்ஞைத் துப்பாக்கியால் மேலே சுட, கட்டடமே எரிந்துபோகிறது. ஏரியின் மேல் புகை படர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அதையே பாட்டாக்கினார்கள்; ஆல்பத்தை மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரங்களில் பதிந்தார்கள். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ கிடார் கற்கும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் மீட்டிப் பார்க்கும் பாட்டு. நடந்தது நடந்தபடியே அதில் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அதே லாரி இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் வாசலில் நின்றபோதுதான், லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை மாடிப்படி வளைந்தேறும் கூடத்தின் அடியில் வைத்து, மைக்குகளை மேலே மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ பாட்டின் முதல் அடியைப் போட்டு, “இந்த அறை எப்படிப்பட்டது, வரைந்து காட்டுங்கள்” என்று கேட்டேன். குகை, கிணறு, தேவாலயம் என்று ஆளுக்கொன்றாக வரைந்தார்கள். ஒரு நண்பர் மட்டும் உயரமான, குறுகலான ஒரு பெட்டியை வரைந்து, ஒலி மேலே போய்த் திரும்புகிறது என்றார். வீடு கட்டும் பொறியாளர் அவர்.

மதிப்பெண் போடுவதை இரண்டாம் ஆண்டே நிறுத்திவிட்டோம். மதிப்பெண் இருந்தவரை யாரும் வாய்விட்டு யோசிக்கவில்லை. விடை வந்ததும் முழுப் பாட்டையும் கேட்கிறோம், பேச்சில்லாமல். அது எவ்வளவு நீளமானாலும் சரி.

போன மாதம் என் முறை. பீட்டில்ஸின் ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டுக்காக 1967 பிப்ரவரியில் பதிந்த கடைசிச் சுரக்கட்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடியை, எடுத்துக்கொண்டேன். மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரே அடி. கூடவே ஒரு ஹார்மோனியம். அடித்த பிறகு யாரும் கையை எடுக்கவில்லை. நாதம் தேயத் தேய, ஒலிப்பதிவாளர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். 40 விநாடிக்கு மேல் அது நீள்கிறது. நான் கேட்ட கேள்வி: “நாதம் ஓயும் இடத்தில், இசையில் சேராத ஓர் ஒலி இருக்கிறது. என்ன அது?”

மின்விசிறியை நிறுத்தினோம். எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள். இரண்டாவது முறை போட்டபோது அக்கா மகள், “நாற்காலி. யாரோ அசைகிறார்கள்” என்றாள். மூன்றாவது முறை மற்றவர்களுக்கும் கேட்டது. அண்ணாவுக்குக் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு சிம்பல்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காது. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் இப்போது அவருக்கு எட்டுவதில்லை. எனக்கு அது தெரிந்திருந்தும், புதிரைத் தேர்ந்தெடுத்தபோது தோன்றவில்லை.

“எந்த இடத்தில் என்று காட்டு” என்று அக்கா மகளிடம் சொன்னார். நாலாவது முறை போட்டேன். அவர் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அந்த மூன்று பியானோக்களில் ஒன்றில் ரிங்கோவின் கையும் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். நாதம் மெலிந்து கொண்டே போயிற்று. அக்கா மகள் விரலை உயர்த்திக் காத்திருந்தாள். பிறகு அவர் மணிக்கட்டில் மெதுவாக ஒருமுறை தட்டினாள்.

அண்ணா தலையசைத்தார். “மறுபடியும் போடுங்கள்” என்றார்.